மெல்போர்னில் மூன்று நாள் தங்க ஓர் அறை

ஆஸ்திரேலியாவில் ஒரு நகரத்தில் இரண்டு மூன்று நாள் ஓய்வாகத் தங்க விரும்புவோர் நல்ல ஓட்டல் ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் காலங்கழித்தவன் நான். எந்தப் பாடத்தையும் சொல்லின் பொருளிலிருந்து தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே ‘ஓட்டல்’ என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் ஓட்டல் என்றால் இட்டிலியும் காப்பியும் கிடைக்கும் இடம். ஆங்கிலேயருக்கு அது தங்கும் இடம். ஆஸ்திரேலியருக்கோ இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. அந்நாட்டின் பழைய ஊர் எதிலும் நாற்சந்தியில் நின்று பார்த்தால், மூலையில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, நெற்றியில் ‘ஹோட்டல்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு நிற்கும். உள்ளே நுழைந்து அறை கேட்டால், அங்கிருப்போர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பர். ஏனெனில் அது மதுச்சாலை. குடியேற்ற நாட்களில், மது விற்க உரிமம் வேண்டுவோர் வழிப்போக்கர் தங்குவதற்குச் சில அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. அறைகள் பெயருக்கு இருந்தன. வியாபாரம் கீழே நடந்தது. பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

1916ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின் நடுவே, விக்டோரியா உள்ளிட்ட சில மாநிலங்களில் இந்த ஓட்டல்கள் மாலை ஆறு மணிக்கே மதுக்கூடத்தை மூடிவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. குடி குறையும் என்பது சட்டம் செய்தவர்களின் எண்ணம். நடந்தது வேறு. ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தவர்கள், ஒரு மாலை முழுவதும் குடிப்பதை ஒரு மணி நேரத்திற்குள் குடித்துத் தீர்த்தார்கள். விக்டோரியாவில் இந்த வழக்கம் 1966 வரை நீடித்தது. மதுவிலக்கில் நம்பிக்கையுள்ள எனக்குச் சற்றுச் சங்கடமான வரலாறுதான். ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஹோட்டல்’ என்ற பெயரைக் கண்டு இணையத்தில் அறை பதிவு செய்யும் நம்மவர், அவ்வறையின் அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் மகளுக்கு மெல்போர்னில் பிள்ளை பிறந்தது. நானும் என் மனைவியும் அங்கே சென்று ஐந்து மாதம் இருந்தோம். மகளின் வீடு நகரத்தின் தென்கிழக்கே, ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்ல வேண்டிய புறநகரில் இருந்தது. ‘இருந்தோம்’ என்று இருவரையும் சேர்த்துச் சொல்வது பொருந்தாது. நான் இருந்தேன், என் மனைவி உழைத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், நள்ளிரவில் குழந்தை அழுதால் மகளை எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பது என்று அவளுக்குப் பகலும் இரவும் ஒன்றாகிவிட்டன. ஊருக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது, அக்டோபர் மாத இறுதியில், மகள் என்னைத் தனியே அழைத்து, “அப்பா, அம்மாவை மூன்று நாள் நகரத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். எங்கேயும் அலைய வேண்டாம். அம்மா கொஞ்சம் தூங்கினால் போதும்” என்றாள். செலவைத் தானே ஏற்பதாகவும் சொன்னாள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் என் மனைவியை ஓய்வுக்கென்று ஓரிடத்திற்கும் நான் அழைத்துச் சென்றதில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. இதையாவது என் ஓய்வூதியத்தில் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

மருமகப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். அந்நகரில் அடுக்ககம் போன்ற விடுதிகள் பல உண்டு. அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, பாத்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கும். “அத்தைக்கு நம் சாப்பாடு வேண்டுமே, அதுதான் வசதி” என்றார். நம்மவர் பெரும்பாலும் இத்தகைய இடங்களையே நாடுகின்றனர். குழந்தைகளோடு ஒரு வாரம் பத்து நாள் தங்குவோருக்கு இவை மிகவும் ஏற்றவை, பணமும் மிச்சமாகும். ஆனால் ஓய்வு வேண்டுவது யாருக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுப்பைக் கண்டால் என் மனைவி சும்மா இருப்பாளா? காலையில் அரிசியைக் களைந்துவிடுவாள். வீட்டுச் சமையலறையை விட்டு ஓட்டல் சமையலறைக்கு மாறியதாக முடிந்துவிடும். ஆகவே அடுப்பில்லாத அறையே வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் தொடக்கத்திலேயே சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

மற்றவற்றில் தவறினேன். கணினியில் படங்களைப் பார்த்தேன். ஓர் ஓட்டலின் படம் கண்ணைப் பறித்தது. செங்கற்சுவர், கறுப்பு இரும்புச் சாளரம், தோலிருக்கை, மங்கிய மஞ்சள் விளக்கு. நகரின் நடுவே, சிறு தெரு ஒன்றில் இருந்தது. கட்டணம் இருவகையாகக் காட்டப்பட்டது. ஒன்று, பயணத்தைக் கைவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவது. மற்றொன்று, சற்றுக் குறைவு. ஆனால் எக்காரணத்தாலும் திருப்பித் தராதது. சிக்கனமே நற்பண்பு என்று பிள்ளைகளுக்குப் போதித்தவன், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மூன்று இரவுக்கும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

மெல்போர்னின் சிறு தெரு என்றால் என்ன என்பதை இங்கே விளக்க வேண்டும். 1837ஆம் ஆண்டில் ராபர்ட் ஹாடில் என்ற நில அளவையாளர் இந்நகருக்குக் கட்டம் போட்டுத் திட்டம் வகுத்தார். யாரா ஆற்றின் வடகரையில் நேர்கோடு பிடித்தாற்போல் தெருக்கள் அமைந்தன. பெருந்தெருக்கள் 99 அடி அகலம். கிழக்கு மேற்காகச் செல்லும் பெருந்தெருக்களின் இடையே 33 அடி அகலத்தில் சிறு தெருக்கள். பெருந்தெருவில் வீட்டின் முகப்பு. சிறு தெருவில் கொல்லைப்புறம், வண்டி வந்து போகும் வழி. பிறகு அச்சிறு தெருக்களிலிருந்தும் கிளைத்து எண்ணற்ற சந்துகள் தோன்றின. குதிரை லாயமும் கிடங்கும் குப்பைத்தொட்டியும் இருந்த சந்துகள் அவை. 1980களின் பிற்பாதியில் விக்டோரியாவின் மது உரிமச் சட்டம் தளர்த்தப்பட்டு, சிறு கடைக்காரரும் எளிதில் உரிமம் பெற முடிந்தது. அதன் பிறகு இச்சந்துகளில் காப்பிக் கடைகளும் சிறு மதுக்கூடங்களும் பெருகின. இன்று மெல்போர்னின் அழகே இச்சந்துகள்தாம் என்கிறார்கள். பகலில் நடந்து பார்த்தால் அது மெய்யே. காப்பியும் அங்கே மிக நன்றாக இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்தவன் சொல்கிறேன். ஆனால் பகலில் அழகாக இருக்கும் சந்து, இரவில் உறங்குவதற்கும் ஏற்றதாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பாடத்தை முதல் இரவே கற்றுக்கொண்டோம்.

எங்கள் அறை இரண்டாம் மாடி. சாளரத்தின் கீழே ஒரு மதுக்கூடம். அன்று வெள்ளிக்கிழமை. பாட்டு, சிரிப்பு, பேச்சு. நள்ளிரவுக்குப் பின்னும் ஓயவில்லை. அது அடங்கி நாங்கள் கண்ணயர்ந்தபோது, பொழுது விடியுமுன், காலிப் புட்டிகளை அள்ளிச் செல்லும் லாரி வந்தது. ஒரு தொட்டி நிறையக் கண்ணாடிப் புட்டிகளை ஒரேயடியாகக் கவிழ்க்கும் ஓசை எப்படியிருக்கும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விடுகிறேன். 33 அடித் தெருவில் இருபுறமும் செங்கற்சுவர். ஓசைக்கு வெளியே போக வழி ஏது? என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “குழந்தை அழுதால் தூக்கிக்கொள்ளலாம். இந்தச் சத்தத்தை யார் தூக்குவது?” என்று மட்டும் சொன்னாள்.

காலையில் வரவேற்பு மேசைக்குச் சென்று வேறு அறை கேட்டேன். இவ்வாறு கேட்பது தவறன்று. பின்புறத்திலோ மேல்மாடியிலோ அமைதியான அறை காலியாக இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ஆனால் அன்று எல்லா அறைகளும் நிரம்பியிருந்தன. பணத்தைத் திருப்பித் தர விதி இடம் கொடுக்காது என்பதையும் பணிவாகவே சொன்னார்கள். விதியை நானே ஒப்புக்கொண்டு கட்டிய பணம், வாதாட முகமில்லை. அறைக்குத் திரும்பி, “வேறு இடம் பார்க்கலாம்” என்றேன். என் மனைவி சம்மதிக்கவில்லை. “இரண்டு நாள் பணம் வீணாய்ப் போகுமே! பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் போகிறது. நான் சமாளித்துக்கொள்வேன்” என்றாள். சமாளித்துக்கொள்வேன் என்ற அந்தச் சொல்லை முப்பத்தெட்டு ஆண்டாகக் கேட்டு வந்திருக்கிறேன். என் சம்பளம் வராத மாதங்களிலும் அதைச் சொன்னாள்; என் தாயார் படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகளிலும் அதையே சொன்னாள். அன்று அது என் செவியில் வேறு மாதிரி விழுந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அன்று காலை நாங்கள் செய்ததுதான் சரியான முறை என்று இப்போது எண்ணுகிறேன். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தெருவைப் பார்த்து முடிவு செய்தோம். பெட்டியைப் பழைய ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அறையைக் காலி செய்த பிறகும் சில மணி நேரம் பத்திரமாக வைத்திருந்து கொடுப்பது அங்கே எல்லா ஓட்டல்களிலும் வழக்கம். நகர நடுவில் டிராம் வண்டிக்கு 2015 முதல் கட்டணமில்லை. சென்னையில் டிராம் 1953இல் நின்றுவிட்டது. என் தந்தையார் சொல்லக் கேட்டதுதான். அதனால் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்ததே எனக்கு ஒரு களிப்பாக இருந்தது. ஆனால் உறங்க வந்தவர்கள் டிராமைப் பற்றி ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தெருமுனையில் வண்டி திரும்பும்போது இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உராய்ந்து கீச்சிடும், மணியும் அடிக்கும். டிராம் நிறுத்தத்திற்கு ஐந்து நிமிட நடையில் இருப்பது நன்மை. டிராம் திரும்பும் மூலைக்கு நேர் மேலே படுப்பது நன்மையன்று.

நகரின் மேற்குக் கோடியில் ஸ்பென்சர் தெருவும் சதர்ன் கிராஸ் ரயில் நிலையமும் உள்ளன. விமான நிலையப் பேருந்து அங்கேதான் வந்து நிற்கிறது. மறுநாள் அதிகாலை விமானம் ஏறுவோருக்கு அந்தப் பக்கம் ஏற்றது. ஓய்வுக்கு வந்தவர்களுக்கு அங்கே காண்பதற்கு அதிகமில்லை. நடுப்பகுதி ஸ்வான்ஸ்டன் தெருவை ஒட்டியது, சந்தடி மிகுந்தது. கிழக்குக் கோடிக்கு வந்து ஸ்பிரிங் தெருவில் இறங்கியதும் எங்களுக்கே வேறுபாடு தெரிந்தது. மாநிலச் சட்டமன்றம், பழைய கருவூலக் கட்டடம், அவற்றுக்கு அப்பால் கருவூலத் தோட்டம், அதை அடுத்து பிட்ஸ்ராய் பூங்கா. அப்பூங்காவில் எல்ம் என்னும் மரங்கள் இருபுறமும் ஓங்கி வளர்ந்து, நடைபாதைக்குப் பந்தல் போட்டது போல் கவிந்து நிற்கின்றன. ஐரோப்பாவில் ஒருவகை நோய் தாக்கி இம்மரங்கள் பெருவாரியாக அழிந்துபோயின. ஆஸ்திரேலியாவை அந்நோய் எட்டவில்லை. அதனால் இத்தனை வயது முதிர்ந்த எல்ம் மரச் சாலைகளை மெல்போர்னில் காண முடிகிறது. என் மனைவி அங்கே ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, “இங்கேயே எங்காவது இருந்தால் போதும்” என்றாள். ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவ்வளவில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

நாகரிகமான ஓட்டல் என்பதற்கு இந்நகரில் மூன்று விதமான பொருள் உண்டு என்பதை அன்று நடந்த நடையில் கண்டுகொண்டேன். பழமையின் சிறப்பு ஒருவிதம். சட்டமன்றத்திற்கு எதிரே நிற்கும் வின்ட்சர் ஓட்டல் அதற்குச் சான்று. சார்லஸ் வெப் என்ற கட்டடக் கலைஞர் வகுத்து, 1880களின் தொடக்கத்தில் ‘கிராண்ட்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1886இல் ஜேம்ஸ் மன்ரோ என்ற மதுவிலக்குத் தலைவர் தம் கூட்டாளியுடன் அதை வாங்கி, ‘காப்பி மாளிகை’ ஆக்கிவிட்டார்! மது உரிமத்தைப் பலரறியக் கொளுத்தினார் என்பார்கள். அந்நாளில் மெல்போர்னில் மதுவிலக்கு இயக்கத்தார் மாளிகை மாளிகையாகக் காப்பி ஓட்டல்கள் கட்டினார்கள். காலின்ஸ் தெருவில் 1888இல் எழுந்த பெடரல் காப்பி மாளிகை அவற்றுள் பெரியது. 1970களில் அதை இடித்துவிட்டார்கள். மன்ரோ 1890இல் மாநிலத்தின் முதலமைச்சரானார். பிறகு நிலவிலை வீழ்ச்சியில் திவாலானார். காப்பி மாளிகைக்கும் மது உரிமம் திரும்ப வந்துவிட்டது. 1898இல் ஆஸ்திரேலிய அரசியலமைப்பை வரைந்த தலைவர்கள் அந்த ஓட்டலில் இருந்துதான் அதன் ஒரு பகுதியை எழுதினார்கள். 1920களில் வின்ட்சர் என்று பெயர் மாறியது. 1980களிலிருந்து 2005 வரை நம் நாட்டு ஓபராய் நிறுவனத்தார் அதை நடத்தினார்கள் என்பது நமக்கு ஒரு தனிச் செய்தி. அங்கே மாலைத் தேநீர் அருந்துவது ஒரு சம்பிரதாயம். நாங்களும் அருந்தினோம். அங்கே தங்கவில்லை, கட்டணத்தைக் கேட்டதும் தேநீரே போதும் என்று தோன்றியது.

உயரத்தின் சிறப்பு இரண்டாவது. காலின்ஸ் தெருவின் கிழக்குக் கோடியில், ஐ. எம். பெய் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் நிறுவனம் வகுத்த கோபுரத்தில், 1981இல் ஓர் ஓட்டல் திறக்கப்பட்டது. இப்போது சோபிடெல் என்ற பெயரில் நடக்கிறது. கீழ் மாடிகளெல்லாம் அலுவலகங்கள். விருந்தினர் அறைகள் முப்பத்தைந்தாம் மாடிக்கு மேலேதான் தொடங்குகின்றன. தெருவோசை அங்கே ஏறி வராது. ஆனால் இத்தகைய கோபுரங்களில் சாளரத்தைத் திறக்க முடிவதில்லை. காற்றில்லாமல் உறங்க முடியாதவர்கள் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாவது, புதுமையின் சிறப்பு. பிளிண்டர்ஸ் லேன் என்ற சிறு தெரு முன்னாளில் ஆயத்த ஆடைத் தொழிலின் இருப்பிடம். தொழில் ஓய்ந்தபின் கிடங்குகள் வீடுகளாகவும் ஓட்டல்களாகவும் மாறின. அவற்றுள் ஒன்றான அடெல்பி ஓட்டலுக்கு, மொட்டைமாடியில் ஒரு நீச்சல் குளம் அமைத்து, அதன் ஒரு முனையைக் கண்ணாடி அடித்தளத்துடன் தெருவின் மேல் நீட்டிவிட்டார்கள். நீந்துகிறவர் கீழே நடப்போரைப் பார்க்கலாம். நடப்போரும் நீந்துகிறவரைப் பார்க்கலாம். இளைஞர்களுக்கு அது பெருமகிழ்ச்சி. நான் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பால் நடந்தேன்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், அந்தக் கேள்வியே முழுமையானது அன்று என்பேன். ஓய்வு வேண்டுவோர் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஓட்டலில் பூங்காவைப் பார்த்த அறையும் உண்டு, லிப்டை ஒட்டிய அறையும் உண்டு. நட்சத்திரக் கணக்கு இதைச் சொல்லாது. எத்தனை வசதிகள் உள்ளன, எவ்வளவு தரமானவை என்பதைத்தான் சொல்லும். ஆகவே பணம் கட்டுமுன் தொலைபேசியில் அழைத்து நேரே கேட்பதே சிறந்தது. அறை எந்தப் பக்கம் பார்த்தது? நேர் கீழே என்ன இருக்கிறது? சாளரத்துக்கு இரட்டைக் கண்ணாடி உண்டா? கால்முட்டி வலியுள்ளவர்கள் மேலும் ஒன்று கேட்க வேண்டும். பல அறைகளில் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் நீராட வேண்டியிருக்கிறது. தரையோடு தரையாக அமைந்த குளியலறை வேண்டும் என்று முன்பே சொன்னால் தருவார்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் பேசுவது நமக்கு விளங்குவதுதான் கடினம். நாம் பேசுவது அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

நாள் பார்ப்பதும் முக்கியம். நம்மவர் நல்ல நாள் பார்ப்பது போல, அங்கே விளையாட்டு நாள் பார்க்க வேண்டும். ஜனவரியில் டென்னிஸ் போட்டி, மார்ச்சில் கார்ப் பந்தயம், செப்டம்பர் இறுதியில் அவர்களது கால்பந்து இறுதியாட்டம், நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். இந்நாட்களில் அதே அறைக்குக் கட்டணம் பன்மடங்காக ஏறும். அலுவலர்கள் வந்து தங்கும் ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை இரவு பெரும்பாலும் மலிவு. பருவம் நமக்குத் தலைகீழ்: ஜூன், ஜூலை குளிர், ஜனவரியில் வடக்கேயிருந்து அனல் காற்று வீசும். ஒரே நாளில் நான்கு பருவமும் வரும் ஊர் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அக்டோபரில் சென்ற நாங்கள், காலையில் வெயிலிலும், மதியம் மழையிலும், மாலையில் கம்பளிச் சட்டையிலும் இருந்தோம்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். சொல்லப்படும் விலையில் பத்து விழுக்காடு சரக்கு-சேவை வரி அடங்கியே இருக்கும். நம் ஊரைப் போல் பின்னால் கூட்ட மாட்டார்கள். பணியாளருக்கு இனாம் கொடுப்பது கட்டாயமன்று. ஆனால் அறைக்குள் நுழையும்போது, ஏதேனும் சேதமானால் ஈடு செய்ய என்று உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். புறப்பட்ட சில நாள் கழித்து விடுவிப்பார்கள். அந்தத் தொகையையும் சேர்த்தே செலவைத் திட்டமிட வேண்டும். பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். காலை பத்து அல்லது பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும்.

அவ்வாறு அறை கிடைக்கும்வரை எங்களுக்கு அன்று சில மணி நேரம் இருந்தது. கிழக்குக் கோடியில், பூங்காவைப் பார்த்த நடுத்தரமான ஓர் ஓட்டலில் நேரே சென்று அறையைக் கண்ணால் கண்டு இரண்டு இரவுக்குப் பேசி முடித்திருந்தேன். இடையே ஆற்றுப் பாலத்தைக் கடந்து, விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்திற்குச் சென்றோம். பொதுத் தொகுப்பைக் காணக் கட்டணமில்லை. 1968இல் திறந்த அக்கட்டடத்தின் பெருமண்டபத்தில், லெனர்ட் பிரெஞ்ச் என்ற கலைஞர் செய்த வண்ணக் கண்ணாடிக் கூரை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆகையால் மக்கள் தரையிலேயே மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள். குழந்தைகளும் படுத்திருந்தார்கள், முதியவர்களும் படுத்திருந்தார்கள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி நாலு பக்கமும் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைப்பையைத் தலைக்கு வைத்து, தானும் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பும் நீலமுமாக ஒளி அவள் முகத்தில் விழுந்திருந்தது. சிறிது நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. பொது இடத்தில் தலைமையாசிரியரின் மனைவி படுத்துறங்குவதா என்று முன்னாளில் நான் எண்ணியிருப்பேன். அன்று யாராவது அவளை எழுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் கவலையாக இருந்தது.

பிற்பகலில் அறை கிடைத்தது. சிறிய அறைதான். சுவரில் விலையுயர்ந்த சித்திரம் இல்லை. ஆனால் சாளரத்தருகே கைவைத்த நாற்காலி ஒன்று இருந்தது. வெளியே மரங்கள். மேசைமீது வெந்நீர்க் கெட்டிலும் தேயிலைப் பைகளும் இருந்தன. அந்நாட்டு ஓட்டல் அறைகளில் இவை தவறாமல் இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நம் பிளக் அங்கே பொருந்தாது, முனைகள் சாய்ந்திருக்கும், அதற்கேற்ற மாற்றுப் பிளக் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். காலை உணவுக்கு ரொட்டியும் பழமும் தயிரும் கிடைத்தன. சைவ உணவுக்காரர் பட்டினி கிடக்கும் காலம் அந்நகரில் போய்விட்டது.

அந்த இரண்டு நாளும் ஒரு திட்டத்தைக் கடைப்பிடித்தோம். காலையில் ஓரிடம், மதியம் திரும்பி வந்து படுக்கை, மாலையில் பூங்கா. ஒரு காலையில் மாநில நூலகத்திற்குச் சென்று, 1913இல் திறந்த எண்கோண வாசகசாலையின் குவிமாடத்தின் கீழ் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மற்றொரு மாலை கருவூலத் தோட்டத்தில் பாசம் என்னும் சிறு விலங்குகள் மரத்திலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தோம். மதியம் திரும்பி வந்து படுக்க முடிந்ததால்தான் இவ்வளவும் களைப்பில்லாமல் நடந்தது. ஊர் சுற்ற வருவோருக்கு ஓட்டல் இரவுக்கு மட்டும் போதும். எங்கே இருந்தாலும் பாதகமில்லை. ஓய்வுக்கு வருவோருக்கு நடுப்பகலில் நடந்தோ ஒரே டிராமிலோ வந்து சேரும் தூரத்தில் அது இருக்க வேண்டும். நான் இழந்த இரண்டு இரவுப் பணத்துக்கு எனக்குக் கிடைத்த கணக்கு இதுதான்.

கடைசி நாள் காலை ஆறரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. என் மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கும் எழவில்லை. எட்டு மணிக்கும் எழவில்லை. எங்கள் வீட்டில் அவள் ஐந்து மணிக்கு மேல் படுத்திருந்து நான் கண்டதில்லை. கெட்டிலின் இரைச்சலுக்கு அஞ்சி நான் தேநீரும் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணியாயிற்று. பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, கீழே வரவேற்பு மேசையை அழைத்தேன். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பன்னிரண்டு மணி வரை இருக்கலாம், கூடுதல் கட்டணம் இல்லை என்றாள்.